காட்டுத் தடத்தில் நமக்கும் இடமுண்டு

(தேக்காவில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'சின்னத் தீவில் திறந்தவெளி யாருக்கு?' என்ற தலைப்பில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மாதிரி அரங்கில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத்துறைப் பட்டயம் வாங்கியவள் நான். மரத்தின் பெயர், மண்ணின் வகை எல்லாம் முறையாகப் படித்தவள் இல்லை. ஆனால் சில ஆண்டுகளாக நம் ஊர்க் காட்டுத் தடங்களில் சைக்கிள் ஓட்டி, விழுந்து, எழுந்து கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பழக்கதோஷம், ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரோச்சோர் கால்வாய். அதில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கால்வாயின் மறுமுனை

நான் பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். மழை கொட்டினால் கால்வாயில் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பேன். "அம்மா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டால், "அது சாக்கடைடி, எட்டிப் பார்க்காதே" என்பார். அதோடு பாடம் முடிந்தது.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. புக்கிட் தீமா பக்கத்து மழைநீர், புக்கிட் தீமா சாலையை ஒட்டி ஓடும் கால்வாய் வழியாக வந்து, ரோச்சோர் கால்வாயாகி, தேக்கா ஓரமாகக் கடந்து, காலாங் பக்கம் போகிறது. 2008ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அது போய்ச் சேருவது கடலில் அல்ல, மரினா நீர்த்தேக்கத்தில். அம்மா சாக்கடை என்று சொன்ன தண்ணீரில் ஒரு பங்கு, சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது.

தேக்கா என்ற பெயரும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்ததுதான். ஹொக்கியன் மொழியில் சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். கால்வாய் ஓரத்தில் மூங்கில் வளர்ந்த இடம். தண்ணீரும் புல்லும் இருந்ததால்தான் இங்கே மாட்டுத் தொழில் வந்தது. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப் பெயர்களிலும் எருமைகள் நிற்கின்றன. ஆக, நம் தேக்காவுக்கும் புக்கிட் தீமா காட்டுக்கும் நடுவே தண்ணீர் வழியில் ஓர் உறவு இருக்கிறது. நாம்தான் கால்வாயின் இந்த முனையிலேயே நின்றுவிட்டோம்.

சைக்கிள் என்றால் பால்காரர் வண்டி

ஏன் நின்றுவிட்டோம்? என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று பாருங்கள்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றினார். அவர் மகனான என் அப்பாவுக்குச் சைக்கிள் என்றாலே கசப்பு. "நாங்க மிதிச்சது போதும், நீ கார்ல போகணும்" என்பார். அவருடைய அன்பு அதில் இருந்தது. ஆனால் அந்த அன்பிலேயே ஒரு கதவும் மூடிக்கொண்டது. நம்மில் பலருக்குச் சைக்கிள் வறுமையின் அடையாளம், காடு பாம்பும் பேயும் இருக்கும் இடம். அதிலும் பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். "வெயில்ல கறுத்துப் போவே" என்பதில் தொடங்கி, "விழுந்து கைகால் போனா எவன் கட்டுவான்?" என்பதில் முடியும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கிருமிமுறியடிப்புத் திட்டம் வந்தது. படப்பிடிப்பு நின்றது. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு கனத்தது. பிறகு ரத்தப் பரிசோதனை செய்தபோது மருத்துவர் சொன்னார், "சர்க்கரை வரும் வாசலில் நிற்கிறீர்கள்." எனக்கு அப்போது முப்பது வயதுதான் தாண்டியிருந்தது. அப்பாவைச் சர்க்கரை படுத்திய பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் நான். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. 2016ல் அரசாங்கமே நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது. போர் அறிவித்தால் போதுமா? நம் வீட்டு வாசலிலிருந்து ஒருவராவது கிளம்ப வேண்டாமா?

நான் கிளம்பினேன். 600 வெள்ளிக்கு ஒரு பழைய மலைச் சைக்கிள் வாங்கினேன். தடித்த டயர், முன்சக்கரத்தில் அதிர்வுதாங்கி. வாங்கிக்கொண்டு வந்த அன்று அம்மா கேட்டது: "ஏன்டி, தாத்தாவோட வண்டிக்கே திரும்பப் போயிட்டியா?"

எங்கெல்லாம் போகலாம்?

மலைச் சைக்கிள் என்பது பெரிய பழைமை இல்லாத விளையாட்டு. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமல்பாய்ஸ் என்ற மலைச் சரிவில், பழைய கனத்த சைக்கிள்களை வைத்துக்கொண்டு இளையர்கள் இறங்கி விளையாடியதில் வளர்ந்தது. பெயரில் தமிழ் போல ஏதோ கேட்கிறதே என்று நானும் ஆசையோடு தேடினேன், சம்பந்தம் ஒன்றுமில்லை! 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகிவிட்டது.

மலையே இல்லாத நம் ஊரில் எங்கே ஓட்டுவது என்று கேட்பீர்கள். நம் மிக உயர்ந்த இயற்கைக் குன்று புக்கிட் தீமா, 163 மீட்டர் சொச்சம். வனப்பகுதியின் பரப்பும் 163 ஹெக்டர்தான், மனத்தில் வைத்துக்கொள்ள எளிது. அந்தக் காட்டைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மலைச் சைக்கிள் தடம் இருக்கிறது. 6 கிலோமீட்டர் என்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அரை மணி நேரம்கூட ஆகாது. இங்கே முதல்முறை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கல், வேர், செம்மண், ஏற்றம், இறக்கம். அடுத்த மூன்று மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டவேண்டும். கைத்தொலைபேசி, வேலை, கடன் எதுவும் ஞாபகம் வராது. எனக்கு அதுவே பெரிய மருந்து.

அடுத்தது செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2016ல் தெற்குப் பகுதியும், 2017ல் வடக்குப் பகுதியும் திறந்தார்கள். மொத்தம் 81 ஹெக்டர். இதன் சிறப்பு, நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டர் தனிப் பாதை, சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர் தனித் தடம். ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடுவது குறைவு. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தால் புலாவ் உபின். சாங்கி முனையில் படகு ஏறவேண்டும். 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். தீவில் இறங்கினால் வாடகைச் சைக்கிளும் உண்டு. அங்கே ஒரு பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி 2008ல் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா அமைத்தார்கள். தடங்களுக்கு நிறக் குறியீடு போட்டிருப்பார்கள். நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு மட்டும். கெத்தாம் என்றால் மலாய் மொழியில் நண்டு. நண்டைப் பற்றியும் பிறகு பேசவேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்குக் காலாங் ஆற்றோரம். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் நம் மிக நீளமான ஆறு அது. காலாங் ஆற்றங்கரையையும் பீஷான் பூங்காவையும் இணைத்து 1990களில் போட்டதுதான் தீவின் முதல் பூங்கா இணைப்புப் பாதை. தேக்காவிலிருந்து சிராங்கூன் ரோடு வழியாகக் கொஞ்சம் போனால் ஆற்றைப் பிடித்துவிடலாம். நடுநடுவே பெரிய சாலைகள் குறுக்கிடும், இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பீஷான் போய்ச் சேர்ந்தால் கண்ணுக்கு விருந்து. நேர்கோட்டில் கிடந்த 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012ல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றிவிட்டார்கள். கால்வாயை மறுபடியும் ஆறாக்க முடியும் என்று அங்கே போனால் நம்புவீர்கள்.

"அப்ப நாங்களும் வரலாமாக்கா?"

அந்தக் காலாங் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் செயின் கழன்று, கியருக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நான் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு ஊழியர் தம்பி, தன் துருப்பிடித்த சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். புதுக்கோட்டைக்காரர். என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரத்தைத் தளர்த்தி, இரண்டே நிமிடத்தில் செயினை எடுத்து மாட்டினார்.

"இந்த சைக்கிள் எவ்வளவுக்கா?" என்றார். சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கே ஓட்டுவீங்க?" என்றார். காட்டுக்குள்ளே தடம் இருக்கிறது என்றேன். "உள்ளே போகக் காசு கேட்பாங்களா?" "இல்லை தம்பி, இலவசம்தான்." "அப்ப நாங்களும் வரலாமாக்கா?"

"வரலாமே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வாரத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். அதில் சமையல் சாமான் வாங்கவேண்டும், ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும், வீட்டோடு பேசவேண்டும். வரலாம் என்று சொல்வது சுலபம். ஆனாலும் 'வரலாமா' என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாமே முப்பது வருடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்துவிட்டோமே!

ஒரு குறுக்கு வழியின் விலை

இனி என் தவற்றைச் சொல்கிறேன். மேடையில் நின்று உபதேசம் மட்டும் செய்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஓட்டத் தொடங்கிய இரண்டாவது ஆண்டு. நல்ல மழை பெய்து ஓய்ந்த காலை. நாலைந்து பேர் சேர்ந்து போனோம். தடம் ஓரிடத்தில் நீளமாக வளைந்து இறங்கும். முன்னால் போனவர் வளைவைச் சுற்றாமல், நேரே மரங்களுக்கு நடுவே இறங்கிவிட்டார். அவர் பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். ஒரு நிமிடம் மிச்சம். சிரித்துக்கொண்டே போய்விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். நாங்கள் இறங்கிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். எங்களுக்குப் பிறகு எத்தனையோ பேர் அந்தக் கோட்டைப் பார்த்து இறங்கியிருக்கிறார்கள். மழைத் தண்ணீரும் அதையே வழியாக்கிக்கொண்டது. மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். செம்மண் நகர்வதற்குக் கேட்கவா வேண்டும்?

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல தடம் குன்றிலிருந்து நேராக இறங்காது. குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்து போகும். விழுகிற மழை தடத்தின் நெடுகிலும் ஓடாமல் குறுக்காக வழிந்து காட்டுக்குள் போய்விடும். வளைவு என்பது ஓட்டுகிறவரைச் சுற்றவைப்பதற்காகப் போட்டதல்ல, தண்ணீரை வேகம் எடுக்கவிடாமல் தடுப்பதற்காகப் போட்டது. நேராக வெட்டினால் அது தடம் இல்லை, வாய்க்கால். ஈர மண்ணில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கினாலும் இதே கதைதான். சக்கரம் உரித்துப்போட்ட மண்ணை அடுத்த மழை தூக்கிக்கொண்டு போகும்.

அந்த மண் எங்கே போகும்? ஓடைக்குப் போகும். இங்கேதான் நண்டு வருகிறது. புக்கிட் தீமா பக்கத்து ஓடைகளில் ஒரு சின்ன நன்னீர் நண்டு இருக்கிறது. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்று 1986ல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகத்தில் சிங்கப்பூரைத் தவிர வேறு எங்கும் அது கிடையாது. தெளிந்த ஓடையில் கல்லுக்கடியில் வாழும் உயிர். 2012ல் உலகில் மிகவும் ஆபத்திலிருக்கும் 100 உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரும் வந்தது. நான் ஒரு நிமிடம் மிச்சம்பிடித்த குறுக்கு வழியால் எந்த நண்டாவது செத்ததா என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட காட்டின் மண்ணைத்தான் நாம் மிதிக்கிறோம் என்று தெரிந்த பிறகு, கால் தானாகவே அடங்கிவிடுகிறது.

புக்கிட் தீமா வனப்பகுதியையே 2014லிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கட்டங்கட்டமாக மூடி, சரிவுகளைப் பலப்படுத்தி, பாதைகளைச் சீரமைத்து, 2016ல்தான் முழுமையாகத் திறந்தார்கள். காட்டுக்கும் ஓய்வு தேவைப்பட்டது.

தடம் எப்படி நிலைக்கும்?

நம் தீவில் எதுவும் நிரந்தரம் இல்லை. தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா ஞாபகம் இருக்கிறதா? 2010ல் முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள் இங்கே நடந்தபோது சைக்கிள் போட்டிகளுக்கு உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து ஓட்டிய இடம். 2014ல் அதை மூடினார்கள், புதிய வீடுகளுக்கு நிலம் தேவைப்பட்டது. வீடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கும் வீட்டுக்கு விண்ணப்பித்து எண்ணுக்குக் காத்திருந்த அனுபவம் உண்டு.

நிலம் ஒன்று, கேட்கிறவர்கள் பலர். வீடு கேட்கிறார்கள், சாலை கேட்கிறார்கள், நடக்கிறவர்கள் கேட்கிறார்கள், சைக்கிளோட்டிகள் கேட்கிறோம். வாய் திறந்து கேட்க முடியாத அழுங்கும் குரங்கும் நண்டும் இருக்கின்றன. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டியது. அழுங்கு சாலையைக் கடக்கவேண்டும் என்பதற்காக 2013ல் 62 மீட்டர் நீளத்துக்கு ஈகோலிங்க் என்ற மரப்பாலத்தை, அதாவது மரம் வளர்ந்து நிற்கும் பாலத்தை, மேலே கட்டிக்கொடுத்தார்கள். விலங்குக்கும் ஒரு பாதை, மனிதனுக்கும் ஒரு பாதை. செஸ்ட்நட்டில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனியே வழி போட்டதும் இதே யோசனைதான். ஒரே இடத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், அவரவர் வழியில் அவரவர் நிற்கவேண்டும்.

அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காட்டுத் தடத்தில் நமக்கும் இடம் உண்டு, தயங்காமல் போங்கள். ஆனால் அந்த இடம் நிலைப்பதும் போவதும், கண்காணிக்க ஆள் இல்லாத வளைவில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. தலைக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். முதல் நாள் செஸ்ட்நட்டிலோ காலாங்கிலோ தொடங்குங்கள். குறியீட்டைப் படியுங்கள். நான் படிக்காமல் ஒரு கறுப்பு வைரச் சரிவில் இறங்கி, மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அடுத்த ஆறு வாரம் நிகழ்ச்சியில் என் இடது கை மட்டும் மேசைக்குக் கீழேயே இருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்! கனமழை பெய்த கையோடு போகாதீர்கள், மண் காயட்டும். நடப்பவர் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லி வழிவிடுங்கள். குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள்.

அம்மா வந்த நாள்

கை முறிந்தபோது, "இனிமே அந்த சைக்கிளைத் தொடு, பார்க்கிறேன்" என்றார் அம்மா. நியாயமான கோபம். நான் வாதாடவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு, "ஒரு தடவை நீங்களே வந்து பாருங்கம்மா, அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. தினமும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

தேக்காவில் டௌன்டவுன் ரயில் ஏறினோம். அந்த ரயில் பாதையில் 2015 இறுதியில் திறந்த இந்தப் பகுதி, பெரும்பாலும் அதே புக்கிட் தீமா கால்வாயின் வழியிலேயே போகிறது. அம்மா சாக்கடை என்று சொன்ன தண்ணீரை எதிர்த்துக்கொண்டு, மண்ணுக்கு அடியில், அதன் மறுமுனைக்குப் போனோம். செஸ்ட்நட்டில் அம்மா நடைபாதையில் போனார், நான் தம்பியிடம் கொடுத்தனுப்பிய சைக்கிளில் என் தடத்தில் போனேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் முகப்பில் சந்தித்தோம். அம்மாவின் செருப்பெல்லாம் செம்மண். முகத்தில் கோபம் இல்லை.

"தாத்தா இருந்திருந்தா இந்த ஏத்தத்துல பால் கேனோட ஏறியிருப்பார்டி" என்றார். அப்பா காலமான பிறகு, அம்மா தாத்தாவின் சைக்கிளைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு அம்மா வருகிறார். நேற்றுக் கேட்டார், "அந்தப் புதுக்கோட்டைப் பையனைப் பார்த்தா அடுத்த வாரம் வரச் சொல்லு. எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துட்டு வரேன்." அவருடைய கைத்தொலைபேசி எண்ணை வாங்காமல் விட்டது என் தவறு. இந்த நிகழ்ச்சியை எங்காவது ஒரு தங்கும் விடுதியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தால், தம்பி, ஞாயிறு காலை 7 மணி, காலாங் ஆற்றோரம், நாம் பார்த்த அதே இடம். வரலாமா என்று கேட்டீர்களே, வாருங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு.